மாதாவுக்குக் காணிக்கை போன கார் மூளை

புதுக்கோட்டை மாவட்டத்தில் கார் ஓட்டுகிறவர்கள் இரண்டே வகை. கிளட்ச் டீச்சரிடம் திட்டு வாங்கியவர்கள், இனிமேல் வாங்கப் போகிறவர்கள். மூன்றாவது வகை நான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் பஸ்ஸில் போகிறவராக இருப்பார்.

டீச்சருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளப் பட்டியலைத் தாண்டி வெளியே வந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் நடத்தியது கணக்கு. வாயைத் திறந்தால் கார். பையன் அவசரப்பட்டுக் கணக்கைத் தப்பாகப் போட்டால், "கிளட்ச்சப் பிடிக்காம கியரப் போட்டா வண்டி கத்தாம என்னடா செய்யும்?" என்பார். எதிர்வீட்டு மாமியார் மருமகள் சண்டைக்குப் பஞ்சாயத்துப் பண்ணப் போய், "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஆக்ஸிலேட்டர மிதிக்காதீங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். அவர் வீட்டு மாடியைக் குடக்கூலிக்குக் கேட்டுப் போன என்னிடம் அவர் கேட்ட ஒரே கேள்வி, "ஒனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமா தம்பி?"

அவருடைய பழைய வெள்ளிக் கலர் காருக்குப் பெயர் லூர்து. அந்தத் தெருவில் யாரும் அதை 'அது' என்று சொல்லக் கூடாது. 'அவ' என்றுதான் சொல்ல வேண்டும். லூர்து ஒரு வருஷமாகவே நினைத்த இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். சித்தன்னவாசல் போகிற வழியில் ஒருநாள் நின்றபோது, ஓவியம் பார்க்க வேனில் வந்த வடநாட்டுக்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். அவர்களுக்கு எப்படித் தள்ளுவது என்று நடுரோட்டில் தமிழிலேயே வகுப்பெடுத்தார் டீச்சர். பாவம், புரியாமலே தலையாட்டினார்கள்.

இந்த நிலைமையில்தான் என் கல்யாணம் வந்தது. பெண், கீரமங்கலத்து ஸ்டெல்லா. டீச்சரின் பழைய மாணவி, லூர்துவிலேயே கார் ஓட்டப் பழகியவள், எனக்குப் பார்த்து முடித்ததும் டீச்சர்தான். ஸ்டெல்லா படிக்கிற காலத்திலேயே அவள் அப்பா தவறிவிட்டார். அதனால் ஆவூர் மாதா கோயிலில் பெண்ணைக் கைப்பிடித்துப் பீடத்துக்குக் கூட்டிப் போக வேண்டியது டீச்சர் என்று முடிவாகியிருந்தது. டீச்சர் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்.

"எம் புள்ள லூர்துலதான் கோயிலுக்கு வருவா. லூர்து வரலைன்னா நானும் வரல."

"வேற கார் பிடிச்சுக்கலாமே டீச்சர்" என்றேன்.

"வேற மாப்பிள்ளையும் பிடிச்சுக்கலாமா?"

நான் மெக்கானிக்கைத் தேடிப் போனேன்.

நான்கு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். பிளக்கை மாற்றினார்கள், காயிலை மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப்பை மாற்றினார்கள். லூர்து மசியவில்லை. கடைசியில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாண்டியண்ணன் வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் லேப்டாப். உள்ளே உட்கார்ந்து பார்த்தவர், மீட்டருக்கு நடுவில் ஒட்டியிருந்த மாதா ஸ்டிக்கரை மெதுவாக உரித்தார். அதற்கடியில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"என்ன டீச்சர் இது? வார்னிங் லைட்டு மேல ஸ்டிக்கர ஒட்டியிருக்கீங்க?"

"கண்ண உறுத்துச்சு. அதான் மாதாகிட்ட ஒப்படைச்சுட்டேன்."

லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு பாண்டியண்ணன் தீர்ப்பைச் சொன்னார். "இசிஎம் போச்சு டீச்சர். எஞ்சினுக்கு எப்ப பெட்ரோல் குடுக்கணும், எப்ப நெருப்புக் குடுக்கணும்னு சொல்ற கம்ப்யூட்டரு. வண்டியோட மூளைன்னு வச்சுக்கங்க. திருச்சியில இதே மாடல் பழைய வண்டியில கழட்டினது கெடைக்கும். சொல்லி விடுறேன்."

டீச்சர் அழுதே விட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் திருச்சியிலிருந்து இசிஎம் பெட்டி வந்தது. பாண்டியண்ணன் மாட்டினார். சாவியைத் திருகினார். லூர்து உறுமினாள்! நான் கையைத் தட்டுவதற்குள் பொசுக்கென்று அணைந்தாள். மறுபடி உறுமல், மறுபடி அணைப்பு.

"சாவிய இதுக்கு அடையாளம் தெரியலைங்க. யாரோ திருடன் வந்திருக்கான்னு நெனைக்குது" என்றார் பாண்டியண்ணன். "ஒண்ணும் பயமில்ல. பழைய பெட்டி கெட்டாலும் அதுல ஞாபகம் இருக்கும். அத எடுத்து இதுல ஏத்திட்டாப் போதும். அந்தப் பெட்டி எங்கிட்டு இருக்கு?"

டீச்சர் வானத்தைப் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கண் வலி என்றால் மாதாவுக்கு வெள்ளித் தகட்டில் கண் செய்து வைப்பார்கள். கால் சரியாக வேண்டுமென்றால் கால். அப்படி, லூர்துவுக்கு மூளை சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பாண்டியண்ணன் தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே கழற்றிப் போட்ட அந்தப் பெட்டியை டீச்சர் பட்டுத் துணியில் சுற்றி, பஸ் ஏறி, ஆவூர் கோயிலில் காணிக்கையாக வைத்துவிட்டு வந்திருக்கிறார்!

"அடக் கடவுளே! போய்த் திருப்பி வாங்கிட்டு வந்துரலாம்" என்றேன்.

"மாதாவுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்குறதா? செத்தாலும் மாட்டேன். நீ ஸ்டெல்லாவ வேற வண்டியில வரச் சொல்லு தம்பி. நான் வீட்டுலயே இருந்து ஜெபம் பண்ணிக்கிறேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். அவள் சத்தமே போடவில்லை. "டீச்சர் இல்லாம நான் யார் கையப் பிடிச்சுக்கிட்டு உள்ள வருவேன்?" என்று மட்டும் கேட்டாள்.

பாண்டியண்ணன்தான் தாடையைச் சொறிந்தபடி கேட்டார். "பெட்டி கோயிலவிட்டு வெளிய வரக் கூடாது. அம்புட்டுத்தானே? நாம உள்ள போவோம்."

கதவுக்குப் பின்னாலிருந்து டீச்சர் குரல் வந்தது. "அதுல பாவம் ஒண்ணும் இல்லையே?"

புதுப் பெட்டியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, பாண்டியண்ணனின் லோடு ஆட்டோவில் மூன்று பேரும் பறந்தோம். பங்குத்தந்தை கதையைக் கேட்டார். சிரிப்பை அடக்க இருமினார். "மாதா கார் ஓட்டுறதில்ல டீச்சர். அந்த ஞாபகத்த வச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க? அவரு எடுத்துக்கட்டும்" என்று, கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரை அனுப்பினார்.

கண்ணாடி அலமாரியைத் திறந்தார் உபதேசியார். வெள்ளிக் கண், வெள்ளிக் கை, வெள்ளித் தொட்டில் எல்லாவற்றுக்கும் நடுவில் அலுமினியப் பெட்டியாக லூர்துவின் மூளை. பாண்டியண்ணன் செருப்பைக் கழற்றினார். அலமாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கார் பேட்டரியை வைத்து, இரண்டு பெட்டிக்கும் சிவப்பும் கறுப்புமாக வயரை இழுத்து, லேப்டாப்பைத் திறந்தார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதி தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டது.

ஜெபம் சொல்ல வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா என் சட்டையை இழுத்தார்.

"யாருக்குப்பா முடியல?"

"லூர்துவுக்கு."

"என்ன சீக்கு?"

"மூளையில."

"ஐயோ, சின்ன வயசா?"

நான் விளக்குவதற்குள் அந்த அம்மா முழங்காலிட்டு ஜெபமாலையை ஆரம்பித்துவிட்டார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். டீச்சர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார். விபூதிக்காரரான பாண்டியண்ணனும் வாய்க்குள் முணுமுணுத்தார், அவர் எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ தெரியாது. கோடு துள்ளிக்கொண்டு மறுமுனைக்கு ஓடியது!

"ஏறிருச்சு டீச்சர்!"

கோயில் என்பதை மறந்து நான் விசிலடித்துவிட்டேன். சாயங்காலம் புதுப் பெட்டியை மாட்டியதும் லூர்து எங்களைத் திருடர்கள் என்று நினைக்கவில்லை. உறுமினாள், உறுமிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை கோட்டு சூட்டோடு கோயில் வாசலில் நிற்கிறேன். மணி அடித்தாயிற்று. பெண்ணைக் காணோம். வண்டி ஓட்டும்போது டீச்சர் போனை எடுக்கவே மாட்டார். பங்குத்தந்தை இரண்டு முறை எட்டிப் பார்த்தார். எங்கே நின்றாளோ லூர்து, யார் தள்ளுகிறார்களோ என்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் ஹாரன்! புழுதியைக் கிளப்பிக்கொண்டு, மல்லிகைச் சரத்தோடு வந்து நின்றாள் லூர்து. நான் ஓடினேன்.

"நின்னுருச்சா டீச்சர்?"

"அவ எதுக்கு நிக்கிறா? நாந்தான் நிறுத்துனேன். ஒரு லாரிக்காரன் கிளட்ச்சுலயே கால வச்சுக்கிட்டு ஓட்டுறான் தம்பி. எறங்கி ரெண்டு வார்த்தை சொல்லாம வர முடியுமா?"

பின் சீட்டில் ஸ்டெல்லா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டீச்சர் சேலையை உதறிச் சரிசெய்து, ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நடந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. பீடத்தருகே அந்தக் கையை என் கையில் வைத்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "கிளட்ச்ச மெதுவா விடணும் தம்பி. சடக்குன்னு விட்டா குலுங்கும்."

அந்தப் பெட்டி இன்னும் அந்த அலமாரியில் இருக்கிறது. ஆவூருக்குப் போகும்போதெல்லாம் ஸ்டெல்லா மாதாவைப் பார்த்துக் கும்பிடுவாள். என் கண் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். டீச்சர் நல்லா இருக்கணும் என்பதைத் தவிர அங்கே நின்று கேட்க எனக்கு வேறொன்றும் தோன்றுவதில்லை.