கைப்பைக்குள் இருந்த மணி

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்காலும் சுகமென்று நம்புகிறேன். முதலில் ஒரு திருத்தம். நான் பீடத்தில் ஏறிப் பூசைக்கு உதவி செய்தேன் என்று நம் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். பொய். பழைய லத்தீன் பூசையில் பெண்கள் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதியைத் தாண்டக் கூடாதென்று கன்னியாஸ்திரீகளிடம் படித்த எனக்குத் தெரியாதா? என் கால் தாண்டவில்லை. சத்தம்தான் தாண்டியது.

சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது, பின்னால் முழங்காலிட்டிருக்கும் நீங்கள் ஒரு கையால் அவர் பூசை உடுப்பின் விளிம்பைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் மணியடிக்க வேண்டும். போன பூசையில் விளிம்பைப் பிடித்தீர்கள், குறை சொல்ல மாட்டேன். மணியோ, புத்தகத்தை இடம் மாற்றும்போது காலில் இடறுமென்று நீங்களே ஒதுக்கி வைத்த மூலையில் இருந்தது. நீங்கள் மூக்குக்கண்ணாடி தேடுகிற மாதிரி கம்பளத்தைத் தடவுறீங்க, சாமியார் கையைத் தூக்கிட்டார், கோவிலே மணிக்குக் காத்திருக்கு, பின்னாடி தையல்காரம்மா "என்ன, கரண்ட் போச்சா?"ன்னு கேக்குறா, நான் என்ன செய்யட்டும், உங்க அண்ணன் படுக்கையில கிடந்தப்போ தண்ணிக்குக் கூப்பிட அடிச்ச கைமணி என் பையில இருந்துச்சு, எடுத்து அடிச்சேன். எல்லாரும் தலை குனிஞ்சாங்க. நீங்க மட்டும் பிடிச்ச விளிம்போட திரும்பி, சாமியார் பின்னாடி சாயற அளவுக்கு இழுத்து, "அண்ணி, வேணாம்!"னு கத்தினீங்க. அன்று பீடத்தருகே பேசப்பட்ட தமிழ் அது ஒன்றுதான்.

பிறகு உடுப்பு மாற்றும் அறையில், "அண்ணி முன்பெஞ்சுல இருந்தா நான் பீடம் ஏறமாட்டேன், வேற ஆளைப் பாத்துக்கங்க சாமி" என்றீர்களாம். வேறு ஆள் யார்? கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளைக்கு லத்தீனில் ஆமென் மட்டும்தான் தெரியும். அதையும் இடம் தெரியாமல் சொல்கிறார்.

வரும் சனிக்கிழமை உங்கள் அண்ணனின் முதல் வருட நினைவுப் பூசை. பழைய முறையில்தான் வேண்டுமென்று அவர் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. பீடத்தில் உதவ ஆளில்லையென்றால் அந்தப் பூசை கிடையாது என்கிறார் சாமியார். நீங்கள் வர வேண்டும். மணியை வீட்டில் வைத்துவிட்டு நான் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். இதற்கு மேல் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை.

உங்களுக்கும் முழங்காலுக்கும் ஆண்டவர் பலம் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

பி.கு.: யோசித்துப் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து எனக்குப் பீடம் தெரியாது. அவர் பூசைக்கு அவர் மணி வராமலிருப்பதும் சரியில்லை. ஆகவே முன்பெஞ்சு, பைக்குள் மணி. மணியின் நாக்கில் பஞ்சு சுற்றிக் கட்டியிருக்கிறேன். அவசரமென்றால் அவிழ்க்க நேரமாகாது. வருகிறீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்.