பரிவட்ட வரிசையில் போட்ட ஊசி

உலகிலேயே தடுப்பூசியை முறைப்படி பங்கிட்ட ஊர் எது என்று யாராவது கேட்டால், தயங்காமல் காஞ்சிபுரத்தைச் சொல்லுங்கள். அதிலும் பிள்ளையார்பாளையத்தைச் சொல்லுங்கள். பங்கிட்ட 'நெசவாளர் நலச் சங்க'த்தின் செயலாளர் நான்தான் என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறுபத்தெட்டில் ஹாங்காங் ஜுரம் வந்தது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் அடங்கி இருமல் சத்தம் கேட்டது. எங்கள் டாக்டர் வேணுகோபால் சென்னையில் யார் யார் காலையோ பிடித்து ஒரே ஒரு புட்டி ஃப்ளூ தடுப்பு மருந்து வாங்கி வந்தார். ஐந்து பேருக்குத்தான் வரும்.

"இது இதயம் பலவீனமானவங்களுக்கு மட்டும். அவங்களுக்கு ஃப்ளூ வந்தா நெஞ்சு தாங்காது. முதல்ல சபாபதிக்குப் போட்டுடணும்" என்றார்.

சபாபதி நல்ல நெசவாளி. ஒரு வருஷமாகக் கால் வீங்கி, தறிக்குழியில் மிதிக்க முடியாமல் கிடந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தபடியே தூங்குவார். அவரைப் போன்ற இன்னும் நால்வர் பெயரையும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். சங்கம் கூப்பிட்டால்தான் ஜனங்கள் பயமில்லாமல் ஊசிக்கு வருவார்கள் என்று நம்பினார். தங்கமான மனிதர், சங்கத்தை அறியாதவர்.

அவசரக் கூட்டம் கூடியது. தலைவர் தணிகாசலம் பட்டியலைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோயில் திருவிழாவில் பரிவட்டம் முதலில் அவருக்கு, அடுத்து உபதலைவருக்கு, அடுத்து பொருளாளருக்கு என்று தாத்தா காலத்து வரிசை இருக்கிறது. அதை மீறி சபாபதி முதலில் கையை நீட்டினால் நாளைக்குத் தேர் எப்படி நகரும் என்று கேட்டார். ஊசிக்கும் தேருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அளவுக்கு எங்களில் யாரும் பண்பாடு கெட்டவர்கள் இல்லை.

டாக்டரின் நிபந்தனையையும் நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. தலைவருக்கு மாடிப்படி ஏறினால் படபடப்பு. பொருளாளருக்கு மருமகளைக் கண்டால் படபடப்பு. எனக்கோ, கூட்டத்தில் யாராவது 'ஒரு கேள்வி' என்று எழுந்தாலே படபடப்பு. தீர ஆராய்ந்ததில், நிர்வாகக் குழுவினர் ஐவருமே 'இதய நோயாளிகள்' என்று தீர்மானம் நிறைவேறியது. சபாபதிக்கு ஆறாவது இடம் ஒருமனதாக வழங்கப்பட்டது.

மறுநாள் டாக்டர் மாகறலுக்கு ஒரு பிரசவம் பார்க்கப் போயிருந்தார். கம்பவுண்டர் சிட்டிபாபு சங்க முத்திரை குத்திய பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சபாபதி தன் மனைவி நீலாம்பாளின் தோளைப் பிடித்தபடி வந்து, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். என் முறை வந்தபோது புட்டியில் ஒருவருக்குத்தான் மருந்து இருந்தது. சிட்டிபாபு சபாபதியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க போட்டுக்கங்கபா" என்றார் சபாபதி. "உங்களுக்கு சங்க வேலை இருக்குது. நான் வூட்டோட கெடக்கறவன்தானே."

நான் வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் தீர்மானத்தை மதிப்பவன் என்பதால் சட்டைக் கையைச் சுருட்டினேன். வலிக்கவே இல்லை.

மூன்றாம் வாரம் சபாபதிக்கு ஜுரம் கண்டது. நாலே நாளில் போய்விட்டார். இரங்கல் தீர்மானத்தை நானே எழுதி, நானே எடுத்துக்கொண்டு போனேன். நீலாம்பாள் படிக்கச் சொன்னார். 'ஈடு செய்ய இயலாத இழப்பு' என்பதைச் சற்று நிறுத்திப் படித்தேன்.

"அவரு ஊசி யாருக்குப் போச்சுன்னு இதுல எழுதியிருக்குதாபா?" என்று கேட்டார்.

இரங்கல் தீர்மானத்தில் அதையெல்லாம் எழுதுகிற வழக்கமில்லை என்று விளக்கினேன். அவர் காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். தெருவில் இறங்கியபோது வெட்கத்தில் என்னால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

இந்தத் தடுப்பூசியால் பிரயோஜனம் இல்லை என்று சிலர் இன்னும் பேசுகிறார்கள். நம்பாதீர்கள். அந்த வருஷம் ஊரே படுத்தது. எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.