மானிட்டருக்கு மஞ்சள் கட்டிய கதை

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். என் அண்ணன் குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போதே அண்ணியின் தாலிக்கயிற்றை வெள்ளையாக்கிய புண்ணியவதி நான்தான். அதுவும் ஆடிப்பெருக்கு அன்று, சம்பந்தி வீட்டுக் கூடத்தில், ஊர்ப்பட்ட சொந்தக்காரர்கள் முன்னால்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியில் போட்டோ ஸ்டூடியோ வைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பாவுக்கோ நான் பி.எட். படித்து டீச்சராக வேண்டும். சண்டை முற்றி, கடைசியில் அப்பா ஒரு ஒப்பந்தம் போட்டார்.

"அண்ணன் கல்யாண ஆல்பத்த நீயே போடு. பாக்குறவுக நல்லாருக்குன்னு சொன்னா ஸ்டூடியோ வையி. இல்லைன்னா வாயத் தொறக்காம பி.எட். ஃபார்ம்ல கையெழுத்துப் போடணும்."

படம் நன்றாகவே எடுத்தேன். (இன்றுவரை அதை யாரும் மறுக்கவில்லை. பாராட்டவும் இல்லை.) எடிட் பண்ண நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமே. முப்பது வீடியோ பார்த்துத் தேறி, டவுனில் கீழராஜ வீதியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மூன்று வருஷம் டியூஷன் எடுத்துச் சேர்த்ததெல்லாம் கைப்பையில் இருந்தது. இருப்பதிலேயே பெரிய ராம் மெமரி கேட்டேன். செங்கல் கனத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு கேட்டேன். கண்ணாடி வைத்த கேபினட், அதற்குள் கலர் கலராக எரியும் நாலு ஃபேன். கடைக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார். "மானிட்டரு சொல்லலியேம்மா. போட்டோ வேலைக்கு அதுதான் முக்கியம். கலரச் சரியாக் காட்டணும்ல?"

"அது சும்மா பாக்குறதுக்குத்தானண்ணே. வீட்ல ஒண்ணு கெடக்கு."

"பாக்குறதுதானம்மா ஒன் வேலையே," என்றார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்து, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். என் திமிர் அப்படி.

வீட்டில் கிடந்தது, மாமா பிரவுசிங் சென்டரை மூடியபோது பரணில் ஏற்றிய மானிட்டர். தூசி தட்டி மாட்டினேன். கல்யாணப் படங்களைத் திறந்தால் எல்லாரும் சாம்பாரில் முக்கி எடுத்ததுபோல் ஒரே மஞ்சள். பழைய மானிட்டர் அப்படிக் காட்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மண்டப லைட் சரியில்லை என்று முடிவு கட்டினேன். நலங்கு, ஊர்வலம், முகூர்த்தம் என்று அறுநூறு படத்திலும் உட்கார்ந்து மஞ்சளை உறிஞ்சி எடுத்தேன். பத்து நாள், முதுகு ஒடிய.

திருச்சியில் ஆல்பம் அச்சுப் போடுபவர் போனில் கேட்டார். "கலரு கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கேங்க. இப்புடியே போட்டுரவா?"

"அது என்னோட ஸ்டைல்," என்றேன்.

பார்சல் வந்ததும் பிரிக்கப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டார். "பொண்ணு வீட்ல வச்சுத்தான் பிரிக்கணும். சும்மா இரு."

ஆடி மாதமாகையால் அண்ணி குடுமியான்மலையில் தாய்வீட்டில் இருந்தார். பதினெட்டாம் பெருக்கன்று, பழைய தாலிக்கயிற்றை எடுத்துவிட்டுப் புது மஞ்சள் கயிறு மாற்றிப் போடுவார்கள். சீர்வரிசைத் தட்டுகளோடு ஆல்பத்தையும் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு போனோம். கயிறு மாற்றி முடிந்தது. அண்ணியின் கழுத்தில் புதுக்கயிறு மஞ்சளாகப் பளிச்சென்று இருந்தது. அண்ணியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவர்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆல்பத்தைத் திறந்தார்.

முதல் பக்கம் நலங்கு. மஞ்சள் பூசிய அண்ணியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக இருந்தது. அண்ணன் நீலம் பாரித்திருந்தான். அடுத்தது முகூர்த்தம். அண்ணன் கையில் தாலி, தாலியில் வெள்ளைவெளேரென்று கயிறு. அட்சதைகூட வெறும் பச்சரிசி.

கூடத்திலிருந்தவர்கள் ஆல்பத்தையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒரு பாட்டையா மட்டும் மெதுவாகக் கேட்டார். "ஏம்ப்பா, இது கல்யாண ஆல்பந்தானா?"

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். அழுகிறார் என்று தெரிந்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அண்ணன் தொண்டையைச் செருமினான். "எல்லாரும் ஏன் என்னைய இப்புடிப் பாக்குறீக? நான் நல்லாத்தான் இருக்கேன்."

வீடு வந்ததும் அப்பா பி.எட். ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார், பேனாவோடு.

மறுநாள் காலை நான் பெயர் எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தை டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராக மாடி ஏறினார்; அப்பாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். "அந்த எளவெடுத்த பொட்டியக் காமி."

எடிட் பண்ணாத நலங்குப் படத்தைத் திறந்தேன். அத்தை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து, படத்தில் தட்டிலிருந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் பிடித்தார். கையிலிருந்தது மஞ்சள். திரையில் இருந்தது பூசணிப்பழம். அத்தை திரும்பி அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, புள்ளைக்கு ஒண்ணும் இல்ல. பொட்டிக்குத்தான் காமாலை. அந்த ஃபார்ம உள்ள வைங்க. ஆல்பத்த மறுக்காப் போடட்டும், நான் கூட ஒக்காந்து பாத்துக்கிறேன்."

கண் கலங்கிவிட்டது எனக்கு. கம்ப்யூட்டரின் செங்கல் கார்டை விற்று நல்ல மானிட்டர் வாங்கினேன். அத்தை நாலு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கத்துக்குப் பக்கம் விரலியைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் ஆல்பம் திருச்சிக்குப் போனது. ஊர் திரும்பும்போது அத்தை அந்த விரலியை ஒரு புதுத் தாலிக்கயிற்றில் முடிந்து மானிட்டரிலேயே கட்டிவிட்டார்.

உள்ளே போன பி.எட். ஃபாரம் அப்புறம் வெளியே வரவே இல்லை. இன்று ஸ்டூடியோவில் கலர் சரிபார்க்கத் தனிக் கருவியே இருக்கிறது. மஞ்சளும் தொங்குகிறது. வருகிறவர்கள் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் அத்தை மூன்று கயிறு கொடுத்து அனுப்புவார். அண்ணிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மானிட்டருக்கு ஒன்று. அண்ணன் தவறாமல் மாடிக்கு வந்து, நான் கயிறு மாற்றுவதைக் கைகட்டி நின்று பார்ப்பான்.

"மானிட்டருக்கே கல்யாணம் ஆயி ஆறு வருஷமாச்சு," என்பான். "ஒனக்கு எப்பத்தா?"