பார்வை: தங்கள் குறுஞ்செய்தி

தலைமை எழுத்தர் மோசடிக்காரனுக்குப் பதில் எழுதி முடித்தபோது காலை மணி பத்தே கால்.

அவருடைய கைபேசிக்கு வந்திருந்த குறுஞ்செய்தி இரண்டே வரி. உங்கள் வங்கிக் கணக்கு இன்று மாலைக்குள் முடக்கப்படும். தடுக்க வேண்டுமானால் கீழே உள்ள நீல வரியைத் தொடவும். அவர் எழுதிய பதில் பதினான்கு வரி. பார்வையில் கண்ட தங்கள் குறுஞ்செய்தி கிடைக்கப்பெற்றது என்று தொடங்கி, வங்கி இப்படியெல்லாம் செய்தி அனுப்பாது என்பதை நான்கு காரணங்களோடு விளக்கி, இந்தப் பித்தலாட்டம் தம்மிடமோ தமக்குக் கீழ் உள்ள நாற்பத்திரண்டு பணியாளர்களிடமோ பலிக்காது என்று எச்சரித்திருந்தார். கீழே பெயர், பதவி, குடிநீர் வாரிய அலுவலகத்தின் முழு முகவரி, மின்னஞ்சல், மேசைத் தொலைபேசி எண்.

எதிர் மேசைக் காசாளரம்மா எட்டிப் பார்த்தார்.

"திருட்டுப் பயலுக்கு எதுக்கு சார் பதிலு?"

"வந்த கடிதத்துக்குப் பதில் போடாம விட்டதுன்னு என் சர்வீஸ்ல ஒண்ணு கிடையாதும்மா."

உண்மைதான். அவர் பதில் போட்டு யார் வீட்டுக் குழாயிலாவது தண்ணீர் வந்தது என்பதும் அவர் சர்வீஸில் கிடையாது.

அலுவலகத்தில் அவருக்கு சர்குலர் என்று பெயர். குழாயை எத்தனை சுற்றுச் சுற்றி மூடுவது, ஈரக் குடையை எந்தச் சுவரில் சாய்ப்பது, மின்விசிறிக்குக் கீழே எப்படித் தும்முவது, எல்லாவற்றுக்கும் சுற்றறிக்கை உண்டு. ஓய்வுக்கு இன்னும் நாலு மாதம். அதற்குள் தலைமை அலுவலகம் வருடத்துக்கு ஒருவருக்குத் தரும் 'விழிப்புமிக்க அலுவலர்' சான்றிதழை வாங்கிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. போன வருடம் அதைக் கழிவுநீர்ப் பிரிவுக்காரர் தட்டிக்கொண்டு போனார். அதிலிருந்து சர்குலர் அந்த வராந்தாப் பக்கமே நடப்பதில்லை.

அலுவலகத்தில் எல்லாருக்கும் ஒரே வங்கியில்தான் சம்பளக் கணக்கு. மறுநாள் சம்பள நாள். ஆகவே உடனே ஒரு சுற்றறிக்கை தயாராகி, அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போயிற்று. கண்ட இடத்தில் அடையாளம் தெரிய வேண்டுமே என்று அந்த மோசடிச் செய்தியையும் நீல வரியோடு அப்படியே கீழே இணைத்திருந்தார். மாதிரி என்று தலைப்பும் போட்டிருந்தார்.

மதியத்துக்குள் ஆறு பேர் நீல வரியைத் தொட்டுவிட்டார்கள்.

பம்பு ஆபரேட்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"தொடாதேன்னுதானேய்யா எழுதியிருக்கேன்?"

"நீங்க எழுதினது இருபது வரி சார். அதுல ஒரு வரிதான் நீலமா இருந்துச்சு. அதுதான் முக்கியம்போலன்னு நெனச்சேன்."

"தொட்டதும் என்ன வந்துச்சு?"

"வெள்ளையா ஒரு பக்கம். படிக்க ஒண்ணுமே இல்ல. உங்க சர்குலருக்கு அது எவ்வளவோ தேவல."

மற்ற ஐந்து பேரும் அதையேதான் சொன்னார்கள். வெறும் வெள்ளைப் பக்கம். எதுவும் கேட்கவில்லை, எதுவும் போகவில்லை. வேறொருவராக இருந்தால் இதோடு விட்டிருப்பார். சர்குலர் ஒரு நீளப் பதிவேட்டில் கோடு போட்டு, 'நான் நீல வரியைத் தொடவில்லை என்று உறுதி கூறுகிறேன்' என்று எழுதி, மேசை மேசையாகக் கையெழுத்துக்கு அனுப்பினார்.

அவருடைய சுற்றறிக்கையை வழக்கம்போல் பிரித்தே பார்க்காதவர்கள் அலுவலகத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். எதைத் தொடவில்லை என்று கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிய வேண்டாமா? தேடி எடுத்துத் தொட்டுப் பார்த்தார்கள். சிலர் முதலில் கையெழுத்துப் போட்டார்கள், அப்புறம் தொட்டார்கள். மூன்று மணிக்குக் கணக்கு இருபத்திமூன்று.

மூன்றரைக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு என்றது ஒரு கனத்த குரல். குறுஞ்செய்தி வந்த அந்த மோசடி எண்ணைத் தாங்கள் ரகசியமாகக் கண்காணித்து வருவதாகவும், அதற்குப் போன சர்குலரின் பதிலைப் படித்துப் பிரிவே எழுந்து நின்றுவிட்டதாகவும் சொன்னது. இப்படி நாலு காரணத்தோடு யாரும் எழுதியதில்லையாம். தலைமை அலுவலகத்துக்கு ஒரு பாராட்டுக் கடிதம் எழுதலாமா என்று அனுமதி வேறு கேட்டது.

சர்குலர் லேசில் மயங்குகிற ஆளில்லை.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போன்ல நான் எந்த விவரமும் தரமாட்டேன்."

"தரவே கூடாது சார். போன்ல விவரம் கேக்கறவன் எவனா இருந்தாலும் திருடன்தான். எங்களுக்கு எல்லாம் எழுத்துலதான் வேணும். உங்க ஆபீஸ்ல எல்லார் கணக்கையும் காப்பாத்த ஒரு படிவம் அனுப்பறோம்."

முப்பத்திரண்டு வருடமாக இப்படி ஒரு மனிதருக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

படிவம் மின்னஞ்சலில் வந்தது. இணைப்பு அ, இணைப்பு ஆ, ஆளுக்குப் பதினொரு கட்டம். பெயர், பதவி, கணக்கு எண், பிறந்த தேதி, இணைய வங்கிப் பயனர் பெயர், கடவுச்சொல் என்று வரிசையாகப் போயிற்று. அடிக்குறிப்பில் ஒரு விளக்கம்: மோசடிக்காரன் கை வைத்ததை ரத்து செய்ய மறுநாள் பத்து மணிக்கு ஒவ்வொருவர் கைபேசிக்கும் ஓர் ஆறு இலக்க எண் வரும், அவற்றைத் தொகுத்து உடனுக்குடன் அனுப்ப வேண்டும்.

முதல் வரிசையில் சர்குலர் தம் விவரத்தையே எழுதினார். சேமிப்பெல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தது. தலைவன் முன்னால் நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கும் ஒரு சுற்றறிக்கை இருந்தது.

காசாளரம்மா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"கடவுச்சொல் எதுக்கு சார்? அது பாங்குக்காரனுக்கே தெரியக் கூடாதும்பாங்களே."

"ஒரு கட்டம் காலியா இருந்தாலும் படிவத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்கம்மா. உங்க ஒருத்தரால நாப்பத்தியோரு பேர் சம்பளம் போகணுமா? மெமோ குடுக்கவா?"

அவர் என்னவோ எழுதிக் கொடுத்தார். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று சர்குலர் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. மனுக்களையும் அவர் அப்படித்தான் பார்ப்பது. ஐந்து மணிக்குப் படிவம் போயிற்று. ஐந்தே காலுக்கு நன்றிக் கடிதம் வந்தது, கடித எண்ணோடு. அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் கழிவுநீர்ப் பிரிவுக்காரர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டினார்.

மறுநாள் ஒன்பதரைக்குச் சம்பளம் ஏறியது. பத்து மணிக்கு அலுவலகம் முழுக்கக் கைபேசிகள் கிணுகிணுத்தன. சர்குலர் பதிவேடும் பேனாவுமாக எழுந்தார். ஒரு குழாய் இணைப்பு மனுவை மூன்று மாதம் மேசையில் ஊறப்போடுகிற மனிதர், அன்று மேசைக்கு மேசை ஓடினார். பத்துப் பத்துப் பேராக எண்ணை எழுதி, படம் எடுத்து, மூன்று நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்று அனுப்பினார். அவர் சர்வீஸில் உரிய நேரத்துக்குள் முடிந்த முதல் வேலை அது.

பம்பு ஆபரேட்டர் கைபேசியைக் கொடுக்கத் தயங்கினார்.

"இந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீங்கன்னு இதுலயே போட்டிருக்கே சார்."

"சொல்லாதீங்கன்னுதானே போட்டிருக்கு? எழுதிக் குடுக்காதீங்கன்னு போடலையே. இங்க யாரு சொல்றா?"

காசாளரம்மாவுக்கு மட்டும் எண் வரவில்லை. அவரை ஒழுங்கீனமானவர் என்று பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

பத்து நாற்பதுக்குக் கைபேசிகள் மறுபடியும் கிணுகிணுத்தன. சம்பளம் போயிருந்தது. சிலருக்குச் சம்பளத்துக்கு முன்பே இருந்ததும் போயிருந்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்தேன் என்று ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். சர்குலர் தம் திரையைப் பார்த்தார். நாலு மாதம் கழித்து எதை நம்பி வீட்டில் உட்காரப்போகிறாரோ, அது அதில் இல்லை.

பம்பு ஆபரேட்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இந்த மெசேஜுக்கும் பதில் போடுவீங்களா சார்?"

அதற்குள் காசாளரம்மா தம் வங்கி அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் பேசி, எல்லார் கணக்கையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். போனதில் எது திரும்பும், எது திரும்பாது என்று வங்கியில் உறுதி சொல்லவில்லை. உடனே போலீசில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எழுதுவதென்றால் சர்குலர்தானே. ஐந்து பக்கம், ஏழு இணைப்பு. காவல் நிலையத்துக்குப் போக அவரிடம் வண்டிக்கூலி இல்லை, காசாளரம்மாதான் கொடுத்தார். கடவுச்சொல் கட்டத்தில் 'தரமாட்டேன்' என்று எழுதிக் கொடுத்ததை வழியில்தான் சொன்னார்.

இணையக் குற்றப் பிரிவில் ஒரு பெண் காவலர் மனுவை வாங்கி, முதல் பக்கத்தைப் பொறுமையாகப் படித்தார்.

"நீல வரியத் தொட்டவங்களுக்கு அதனால என்ன போச்சு?"

"ஒண்ணும் போகலம்மா. வெறும் வெள்ளைப் பக்கம்."

"நீங்க தொட்டீங்களா?"

சர்குலர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த இரண்டு நாளில் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

"நானா? பார்த்த மாத்திரத்துல மோசடின்னு கண்டுபிடிச்சுட்டேன். பதவியோட, முகவரியோட, பதினாலு வரியில பதிலே போட்டேன். பிரதி இருக்கு, இணைப்பு ஒண்ணு."

பெண் காவலர் பேனாவை வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேசையில் போட்டார். எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்த புகார்கள். ஒரு பள்ளித் தலைமையாசிரியர், ஒரு மில் மேலாளர், ஒரு குடியிருப்புச் சங்கச் செயலாளர். ஒவ்வொன்றிலும் முதல் இணைப்பு ஒரு நீண்ட பதில். சர்குலருடையதை அந்தக் கட்டின்மேல் வைத்துக் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"அந்த மெசேஜ், தொடுற ஆளத் தேடி வர்றதில்ல சார், நான் ஏமாறமாட்டேன்னு பதில் எழுதுற ஆளு ஒவ்வொரு ஆபீஸ்லயும் யாருன்னு தெரிஞ்சுக்கத்தான் அனுப்பறாங்க."