காத்திருப்பு அறைக்கு ஒரு ரேடியோ

பல் டாக்டர் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

"அக்கா, அடுத்தவங்களை அனுப்புங்க."

"அடுத்தவங்க போயிட்டாங்க டாக்டர்."

"அப்ப அதுக்கு அடுத்தவங்க?"

"அவங்களும் கூடவே போயிட்டாங்க. மூணாவதா இருந்தவரு அவங்களுக்கு மாடிப்படி எங்கேன்னு காட்டப் போனாரு. திரும்பி வரலை."

டாக்டர் காலி நாற்காலிகளைப் பார்த்தார். முப்பது வயதுகூட ஆகாத மெலிந்த மனிதர். பேசினால் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவு மெதுவான குரல்.

"சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

"கேட்டுச்சு."

"ரொம்பவா?"

"கீழே சலூன்ல பாதி முடி வெட்டின ஒருத்தர் துண்டோட வெளியே வந்து மேலே பார்த்தாரு டாக்டர்."

டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. "என்னக்கா பண்றது? அடக்கிக்கலாம்னு பார்த்தாலும் முடியறதில்லை. பல்லைப் பிடுங்கற நேரத்துல தானா வந்துடுது."

வருகிற நோயாளிகளுக்காக இப்படி உருகுகிற டாக்டரை, வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்த அக்கா எங்கேயும் பார்த்ததில்லை. அவர் மனசுக்கு இந்த க்ளினிக் வாசலில் கூட்டம் அலைமோத வேண்டும். ஆனால் திறந்து இரண்டு மாதமாகியும் வந்தவர்களைவிட வந்த வழியே போனவர்கள்தான் அதிகம். உள்ளே ஓர் அலறல், வெளியே நாற்காலிகள் காலி.

"இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா, மூடிட்டு எங்க மாமா ஆஸ்பத்திரிக்கே போயிடறேன்க்கா" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு இந்த வேலை சும்மா வந்துவிடவில்லை. பதினொரு வருஷம் வீட்டிலேயே இருந்துவிட்டு, எட்டு இடத்தில் "சொல்லி அனுப்பறோம்" என்று கேட்டுவிட்டு, ஒன்பதாவதாகக் கிடைத்த வேலை. அவள் மகள் பள்ளிக்கூடத்தில் "எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று பெருமையாகச் சொல்லி, என்ன வியாதி என்று டீச்சர் பதறிப்போய் போன் செய்த அளவுக்கு வீட்டில் அந்த வேலைக்கு மதிப்பு. அதை விட்டுக் கொடுப்பதாக அவள் இல்லை.

"ஒரு ரேடியோ வெச்சா என்னக்கா?" என்றார் டாக்டர். "சின்னதா, அந்தக் காலத்து மாதிரி. பார்த்தாலே மனசு அமைதியாகணும். ஆனா சத்தம் நல்லா வரணும். உள்ளே நடக்கறது வெளியே கேக்கவே கூடாது."

அக்கா மத்தியானமே கடைக்குப் போனாள். கண்ணாடி அலமாரியில் பன்னிரண்டு ரேடியோக்கள் வரிசையாக நின்றன. எல்லாம் பழைய காலத்து வேஷம்தான். மரம் மாதிரி பக்கப் பலகை, தோல் மாதிரி கைப்பிடி, பித்தளை மாதிரி திருகு. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று பார்ப்பதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. விற்பனையாளர் பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்துக் காட்டினார்.

கடைசியில் பாலாடை நிறத்தில், இரண்டு கைக்குள் அடங்குகிற ஒன்றை எடுத்தாள். முன்பக்கம் வட்டமான ஒலிபெருக்கி, பக்கத்தில் முள் நகரும் கண்ணாடி. பார்த்தால் தடவிக்கொடுக்கத் தோன்றும்.

மறுநாள் காலை காத்திருப்பு அறையில் அதைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெல்லிய வீணை இசை. ஒரு கல்லூரிப் பெண் உள்ளே போனாள். டாக்டர் மெஷினைப் போட்டார். அவ்வளவுதான், வீணை நின்று, ரேடியோவிலிருந்து "கொர்ர்ர்ர்" என்று கிளம்பியது. உள்ளே இருக்கும் துளை போடும் மெஷினுக்குத் தம்பி மாதிரி, அதே ராகம், அதைவிடப் பெரிய குரல். அதற்கு மேல் உள்ளிருந்து அலறல் வேறு.

மீதி மூன்று பேரும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார்கள்.

கல்லூரிப் பெண் வாயில் பஞ்சோடு வெளியே வந்து எதையோ சொல்ல முயன்றாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே சொல்லைப் போகவைப்பது அக்காவின் வேலை. க்ளினிக்கில் அவளுக்கு என்று ஒப்படைக்கப்பட்ட ஒரே வைத்தியக் கடமை அது. அதில் அவள் இம்மியும் பிசகியதில்லை.

"பேசக் கூடாதும்மா! அரை மணி நேரம் பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். வாயைத் திறந்தா ரத்தம் வந்துடும்."

அந்தப் பெண் உள்ளறையைக் காட்டினாள். தன் வாயைக் காட்டினாள். இல்லை இல்லை என்று தலையாட்டினாள்.

"புரியுதும்மா. பெத்தவளுக்குத் தெரியாதா வலின்னா என்னன்னு? போய்ப் படுத்துக்கோ" என்று முதுகைத் தடவி அனுப்பி வைத்தாள்.

ரேடியோவைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனாள். விற்பனையாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அது பார்க்கவும் பழசு, உள்ளேயும் பழசு மேடம். மெஷின் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கும். உங்களுக்கு டிஜிட்டல்தான் சரி. கரகரப்பே இருக்காது. வந்தா சுத்தமா வரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. வந்தால் சுத்தமாகத்தான் வந்தது. வராவிட்டால் அதைவிடச் சுத்தமாக வரவில்லை. பச்சை நிற ரேடியோ, முள்ளுக்குப் பதில் சின்னத் திரையில் எழுத்துகள் ஓடும். மறுநாள் டாக்டர் மெஷினைப் போட்டதும் அது கரகரக்கவில்லை. பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, திரையில் "நிலையம் தேடப்படுகிறது" என்று மட்டும் எழுதிக் காட்டியது. எறும்பு நடந்தால் கேட்கும் அந்த அமைதியில், பூத்துக் குலுங்கும் பூங்காவில் இடி விழுந்ததுபோல உள்ளிருந்து "ஆ...!"

ஒரு பெரியவர் தன் பல்செட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது முறை அவளைப் பார்த்ததும் விற்பனையாளர் எழுந்து கணினிக்குப் பின்னால் போய் நின்றார். அக்கா விடவில்லை. இந்தத் தடவை சோதித்துப் பார்க்காமல் எடுப்பதில்லை என்று தீர்மானித்து வந்திருந்தாள்.

"இதைப் போட்டுக் காட்டுங்க. ம். இப்ப நீங்க அந்த ஸ்டோர் ரூமுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கத்துங்க."

"என்னது?"

"பல்லைப் பிடுங்கினா எப்படிக் கத்துவீங்க? அப்படி."

"மேடம், நான் சேல்ஸ்மேன்."

"எட்டு இடத்துல வேலை கிடைக்காம வந்தவ நான். கொஞ்சம் உதவி பண்ணக் கூடாதா?"

அவள் குரல் உடைந்ததைக் கேட்டதும் அந்த மனிதர் ஸ்டோர் ரூமுக்குள் போனார். முதல் அலறல் கூச்சத்தோடு வந்தது. "இன்னும் நல்லா!" என்றாள். இரண்டாவதில் மனிதர் தன் வாழ்க்கையில் பட்ட கஷ்டத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினார். வாஷிங் மெஷின் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி வாசலுக்குப் போய்விட்டார்கள். ஆனால் நான்காவதாக வைத்த சிவப்பு ரேடியோவைப் போட்டபோது அலறல் கேட்கவே இல்லை. உருவம் சின்னதாக இருந்தாலும் கனமான குரல், பேட்டரியிலும் ஓடும், மெஷின் சத்தத்துக்கு அசையாது.

"இதுதான்!" என்று அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"போன்கூட இதுல சேர்த்துக்கலாம் மேடம். பக்கத்துல எந்த போன் அடிச்சாலும் தானா சேர்ந்துக்கும், பேசறது இதுலயே கேக்கும்" என்றார் விற்பனையாளர், தொண்டை கட்டிய குரலில். மகிழ்ச்சியில் அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

சனிக்கிழமை ஆறு பேர் வந்திருந்தார்கள். சிவப்பு ரேடியோவில் நகைச்சுவை நாடகம். டாக்டர் தலையை நீட்டி, "சத்தம் போதுமாக்கா?" என்றார்.

"போதும் டாக்டர்."

"இன்னும் கொஞ்சம் கூட்டிடுங்க. எதுக்கும் இருக்கட்டும்."

முதலில் ஓர் அம்மா உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். வெளியே ஒருவரும் அசையவில்லை. நாடகத்துக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா பஞ்சுக்குள்ளிருந்து "ஊம் ஊம்" என்று உள்ளறையைக் காட்ட, அக்கா வழக்கம்போல "பேசக் கூடாது" என்று அனுப்பி வைத்தாள். அவளுக்கு உள்ளுக்குள் தாங்க முடியாத சந்தோஷம். இந்த க்ளினிக் பிழைத்துவிடும், தன் வேலையும் பிழைத்துவிடும் என்று முதல்முறையாக நம்பினாள்.

அடுத்தது ஒரு லாரி டிரைவர். கதவில் நுழையப் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய உடம்பு, ஒரு பக்கம் வீங்கிய கன்னம். "சீக்கிரம் முடிச்சிடுவாரா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

சரியாக அந்த நேரம் ஓரத்தில் இருந்த ஒருவரின் போன் அடித்தது. அவர் எடுத்தார். நாடகம் நின்றது. ரேடியோவிலிருந்து ஒரு பெண்ணின் குரல் அறை முழுக்க முழங்கியது.

"என்னங்க, எங்கே இருக்கீங்க? அந்த அலறல் ஆஸ்பத்திரிக்கா போனீங்க? எதிர்த் தெருவுல இருக்கிற வயசான பல் டாக்டர்கிட்ட போங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! அந்த அலறல் ஆஸ்பத்திரியில உயிரோட பல்லைப் பிடுங்கறாங்களாம்!"

"வெச்சிடு, வெச்சிடு, எல்லாருக்கும் கேக்குது" என்று அவர் பதறினார்.

"கேக்கட்டுமே! அவங்களையும் எழுந்து வரச் சொல்லுங்க!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. அக்கா பாய்ந்து போய் ரேடியோவின் திருகைத் திருகினாள். குரல் இன்னும் பெரிதானது. கடைசியில் பின்பக்கம் இருந்த பொத்தானை அமுக்கி ஒரேயடியாக அணைத்தாள்.

அந்த நொடியில் உள்ளிருந்து வந்தது அலறல். இரண்டு மாதத்தில் அப்படி ஒன்றை அவளே கேட்டதில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அவ்வளவு பெரிய ஆளே இந்தக் கத்துக் கத்தறார்னா, நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்றார் ஒருவர். நான்கு பேரும் எழுந்துவிட்டார்கள்.

அக்கா ஓடிப்போய் வாசலில் கையை விரித்து நின்றாள். கண்ணில் நீர் முட்டியது.

"போகாதீங்க. ஒரே ஒரு நிமிஷம். டாக்டர் தங்கமான மனுஷருங்க. ஒரு ஈ எறும்புக்குக்கூட வலிக்கக் கூடாதுன்னு நினைக்கிறவரு. நீங்க போயிட்டா இந்த இடத்தை மூடிடுவாங்க. எனக்கு இது ஒண்ணுதாங்க வேலை."

எல்லோரும் தர்மசங்கடமாக நின்றார்கள். நகர்ந்தால் அவளைத் தள்ளிவிட்டுப் போக வேண்டும்.

உள்ளறைக் கதவு திறந்தது. லாரி டிரைவர் பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தார். வாயில் பஞ்சு. நிற்கிறவர்களைப் பார்த்தார். வாசலில் கையை விரித்து அழுதுகொண்டிருக்கும் அக்காவைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"பேசக் கூடாதுண்ணே" என்றாள் அவள், அந்த அழுகையிலும் பழக்கதோஷத்தில். "பஞ்சு விழுந்துடும்."

டிரைவர் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பஞ்சு கிடக்கட்டும் தங்கச்சி. எல்லாரும் தைரியமா உட்காருங்க, எனக்குப் பல்லு வெளியே வந்ததே தெரியலை. கத்தினது பூரா உங்க டாக்டர்தான். பாவம், நான்தான் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு 'இதோ முடிஞ்சுது தம்பி, பயப்படாதே'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்."