செயல்வழிக் கற்றலும் மூன்றாம் மாடித் தண்ணீரும்

பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. "அறிவியல் மாணவர்கள் இதுநாள்வரை உட்கார்ந்து கேட்டே கற்று வந்திருப்பது வருத்தத்துடன் கவனிக்கப்பட்டுள்ளது. இனி அவர்கள் குழுவாகச் செயல்பட்டுக் கற்க ஆணையிடப்படுகிறது."

பேராசிரியர் மறுபேச்சே பேசவில்லை. பதினெட்டு வருடமாக ஒரே நோட்டை வைத்துப் பாடம் நடத்தி அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஆளுக்கொரு பதவி கொடுத்தார். தலைவர், ஒருங்கிணைப்பாளர், நேரக் கண்காணிப்பாளர், பேச்சாளர், குறிப்பாளர்.

தடித்த கண்ணாடி போட்டதால் சோடாபுட்டி என்று பெயரெடுத்த பெண்ணுக்குக் குறிப்பாளர் பதவி வாய்த்தது. அவள் எழுந்து கேட்டாள்.

"சார், சோதனை பண்றது யாரு?"

பேராசிரியர் சுற்றறிக்கையோடு வந்த படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்படி ஒரு பதவி இதுல இல்லையேம்மா. எல்லாரும் சேர்ந்து பண்ணுங்க."

எல்லாரும் சேர்ந்து என்றால் சோடாபுட்டி என்று அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது.

துறைக் கட்டடத்துக் குடிநீரை ஆராய்வது என்று தலைப்பு எடுத்தார்கள். குழாய் பக்கத்திலேயே இருந்ததால் நடக்க வேண்டியதில்லை. தலைவன் தலைமை தாங்கினான். ஒருங்கிணைப்பாளர் வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கி, அதற்குப் பொருத்தமான படம் தேடுவதில் நான்கு நாள் உழைத்தாள். நேரக் கண்காணிப்பாளன் தினமும் ஆய்வகத்தை எட்டிப் பார்த்து, "நேரமாகுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சோடாபுட்டி தண்ணீரைப் பிடித்துவந்து சோதனைத் தட்டுகளில் விட்டு வைத்தாள். இரண்டு நாள் கழித்துத் திறந்தால் கிருமிகள் மொய்த்துக் கிடந்தன. தன் கை சுத்தமில்லையோ என்று மறுபடி செய்தாள். மறுபடியும் அதே கதை. மூன்றாம் மாடிக்கு மேலே ஏறிப் பார்த்தாள். அங்கிருந்த தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. புறாக்கள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தன.

மூச்சிரைக்கப் பேராசிரியரிடம் ஓடினாள். "சார், அந்தத் தண்ணிய யாரும் குடிக்கக்கூடாது சார்."

"நல்லதும்மா. ஆனா நீ நேரா எங்கிட்ட வரலாமா? குழுவா செயல்படணும். தலைவர் மூலமா வா."

தலைவன் பேச்சாளனைக் கைகாட்டினான். பேச்சாளன் முகம் சுளித்தான். "கண்காட்சியில நான் பேசறதுக்கு ஆறு நிமிஷம்தான். புறா எச்சத்தப் பத்தியெல்லாம் பேசினா கேக்கறவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அங்க ஒட்டற நம்ம சுவரொட்டியில ஒரு ஓரமா எழுதிடு, அழகா இருக்கும்."

எழுதினாள். கீழ் வலது மூலையில், இடம் இருந்த அளவுக்கு.

கண்காட்சி நாள் வந்தது. சுற்றுச்சூழலைக் காக்க அன்று முதல் பிளாஸ்டிக் பாட்டில்கள் தடை என்று இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. அதுவரை டீன் முதல் கடைசி வரிசை மாணவன் வரை பாட்டில் தண்ணீர் குடித்தே உயிர் வாழ்ந்தவர்கள். அன்று மேசைக்கு மேசை பளபளக்கும் கண்ணாடிக் குவளைகளில் துறைக் குழாய்த் தண்ணீர் வைக்கப்பட்டது.

பேச்சாளன் "தண்ணீரே உயிர்" என்று தொடங்கினான். கேட்ட எல்லோருக்கும் தொண்டை வறண்டது. டீன் குவளையைத் தூக்கினார்.

சோடாபுட்டி பாதி எழுந்தாள். வாய் திறப்பதற்குள் நேரக் கண்காணிப்பாளன் கை காட்டி, "இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு, உக்காரு" என்றான்.

உட்கார்ந்தாள். டீன் குடித்தார், அவள் சொன்னதை மறந்தே போன பேராசிரியர் குடித்தார், அவரைப் போலவே மறந்துவிட்ட அவள் குழுவின் மற்ற நாலு பேரும் குடித்தார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை அந்தக் கட்டடத்தின் இரண்டே இரண்டு கழிப்பறைகளுக்கு முன்னால் ஆசிரியர்களும் மாணவர்களும் எந்த வேற்றுமையும் பாராமல் ஒரே வரிசையில் நின்றார்கள். "சார், நீங்க முதல்ல போங்க." "இல்லப்பா, உன் முகத்தைப் பார்த்தா நீதான் அவசரம்." இப்படிப்பட்ட ஒத்துழைப்பைத் துறை அதற்குமுன் கண்டதில்லை.

மூன்று நாள் கழித்து விசாரணை நடந்தது. கன்னம் ஒட்டிப்போன டீன், தெம்பாக நின்ற ஒரே மாணவியைப் பார்த்தார்.

"நீ மட்டும் குடிக்கல. அப்போ உனக்குத் தெரியும்."

"தெரியும் சார். எழுதியிருந்தேன்."

"எழுதினா போதுமா? எங்க கண்ணு முன்னாடிதானே உக்காந்திருந்த, வாயத் திறந்து சொல்றதுக்கென்ன?"

அவளுக்குக் கண் கலங்கியது. மூன்று நாளாக அவளும் தன்னை இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னாள். "பேச்சாளர் நான் இல்ல சார்."

டீன் படிவத்தை வாங்கி வரிவரியாகப் படித்தார். அவள் ஒரு விதியைக்கூட மீறவில்லை. பதவிக்கு மேல் ஒரு சொல் பேசாத கட்டுப்பாட்டுக்காக அவளுக்கு நூற்றுக்கு நூறு வழங்கப்பட்டது. தொட்டிக்கு மூடி போட ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது.

வெளியே வந்ததும் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். "அத்தனை பேரும் படுத்துக்கிடக்காங்களாமே! தெரிஞ்சும் சும்மா இருந்தியாடி? இப்படியா உன்னை வளர்த்தேன்?"

"நூத்துக்கு நூறு போட்டிருக்காங்கம்மா."

அம்மாவின் குரல் குழைந்தது.

"அதானே பார்த்தேன்" என்றாள் அம்மா. "எம் பொண்ணு ஒரு காரணம் இல்லாம சும்மா இருப்பாளா?"