கேட்காமல் வந்ததெல்லாம்

ஆரையம்பதியில் கணினி திருத்தும் மாஸ்டருக்கு நாங்கள் வைத்த பட்டம் துப்புரவு மாஸ்டர். அவர் கை பட்ட கணினியில் மிஞ்சுவது திரையும் மின்சாரமும்தான். புதிய விண்டோஸ் போடக் கொடுத்தால் மளமளவென்று போட்டுவிடுவார். அதற்குப் பிறகுதான் அவருக்குச் சன்னதம் வரும். கூடவே ஒட்டிக்கொண்டு வந்த விளையாட்டு, செய்தி, வானிலை, ஒரு மாதம் இலவசமாய்க் காவல் காத்துவிட்டுப் பிறகு காசு கேட்கும் வைரஸ் காவலன், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து விசாரிப்பார்.

“உன்ன ஆர் கூப்பிட்ட? கேக்காம வந்து குந்திக்கிட்டு இரிக்காய்.”

பதில் வரும் என்பதுபோலக் கொஞ்சம் பொறுத்துவிட்டு அழிப்பார். பல நாட்களில் அவர் வாய் திறந்து பேசியதே இவற்றோடுதான் என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

ஒருமுறை எங்கள் தெரு டீச்சரின் மடிக்கணினியில், அந்த வேகத்திலேயே கமராவை இயக்கும் மென்பொருளையும் தூக்கிவிட்டார். அன்றைக்குப் பார்த்து லண்டன் மாப்பிள்ளை வீட்டார் டீச்சரின் மகளைக் காணொளியில் பெண் பார்க்கும் நாள். அவர்கள் கண்டது கறுப்புத் திரை, கேட்டது குரல். அந்தக் குரலுக்கே சம்பந்தம் முடிந்தது. கல்யாணத்தில் மாஸ்டர் தரகர் மாதிரி முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெற்றோரின் வீடு சீதனமாக மகளுக்குத்தான் போகும். மாஸ்டரும் மகளின் கல்யாணத்தோடு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியோடு பின்பக்க அறைக்குப் போனார். பிறகு மனைவி காலமானார். மகள் குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போனாள். பூட்டிக் கிடந்த பெரிய வீட்டைத் தினமும் திறந்து கூட்டிவிட்டு, பின்னால் தன் அறையில் போய்ப் படுப்பார்.

போன வருடம் என் கணினிக்கும் புதிய விண்டோஸ் போடக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் வானிலை, செய்தி, விளையாட்டு எல்லாம் அப்படியே இருந்தன. மனிதருக்குக் காய்ச்சலோ என்று பயந்து திரும்ப ஓடினேன்.

மாஸ்டர் உடுக்கிற சாரங்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டை விற்றுவிட்டாளாம். வாங்கியவருக்குப் பின்னறையும் காலியாக வேண்டுமாம். கரடியனாற்றில் தம்பி வீட்டுக்குப் போகிறாராம். கணினியைக் காட்டி, இதுகளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“கிடக்கட்டும் மனே. ஒரு மூலையில கிடக்கிறதால ஆருக்கு என்ன கரைச்சல்?”

அவர் போனபின் எங்கள் தெருவில் திட்டுவதற்கு ஆளில்லை. வெறிச்சென்று இருக்கிறது. நான் ஒன்றையும் அழிக்கவில்லை. வானிலையில் ஆரையம்பதியை எடுத்துவிட்டுக் கரடியனாறு என்று போட்டிருக்கிறேன். காலையில் கணினியைத் திறந்தால், மாஸ்டருக்கு இன்றைக்கு மழையா வெயிலா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை.